மொழிப் பாடம்: வெறுப்புக்கு உள்ளான சொற்கள்

ஏற்றிய விளக்கை நிறுத்தும்போது 'அணை' என்று சொல்ல நம் தாய்மார் தயங்குவர். 'குளிர வை' என்பர். விருந்தினர் 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்று விடைபெறுவதும் இவ்வகையே. நன்னூலார் இதனை 'மங்கலம்' எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் அடக்கினார். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு.

இச்சொற்களை நாம் விலக்குவது அவற்றின் பொருளுக்கு அஞ்சியே ஆகும். பொருளில் குற்றம் யாதும் இல்லாதிருந்தும் வெறுக்கப்படும் சொற்கள் வேறு உள. 'நாற்றம்' முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அரும்பினுள் அடங்கிய மணத்தைத் திருவள்ளுவர் 1274ஆம் குறளில் அச்சொல்லாலேயே கூறுகிறார். இன்று மல்லிகைச் சரத்தை 'நல்ல நாற்றம்' என்று புகழ்ந்தால், பூ விற்பவர் சண்டைக்கே வந்துவிடுவார்!

தோட்ட மக்களாகிய நம்மை நெருடும் சொல் 'கூலி'. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். அது மனிதனின் பெயரன்று. வேலை செய்பவரைக் 'கூலியாள்' என்பதே மரபு. ஆங்கில வழக்கிலோ அச்சொல் ஆளையே குறித்தது. அது தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து பிறந்ததா என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. எங்கிருந்து சென்றதாயினும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அது பால் வெட்டுபவரின் பெயராகவே திரும்பி வந்தது. அவர் குடியிருந்த வீட்டு வரிசையும் 'கூலி லயன்' ஆயிற்று. பெற்ற பெயர் இருக்க, ஊதியத்தின் பெயரால் ஒருவரை அழைத்த இழிவே இச்சொல்லின்மீது படிந்த கறை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 'தொழிலாளர்' என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியது.

ஒருவரைக் 'கூலி' என்று அழைப்பது இகழ்ச்சியே. எவர் அழைப்பினும் அதனைப் பொறுக்க வேண்டுவதில்லை. அதற்காகச் சொல்லையே ஒதுக்கிவிடுதல் தகாது. முயற்சி தன் உடல் வருத்தத்திற்கு ஏற்ற பயனைத் தரும் என்று உரைக்கும் 619ஆம் குறளில் அப்பயனைக் குறிப்பது 'கூலி' என்னும் சொல்லே. பள்ளியில் அக்குறளை ஒப்பிக்கும் பிள்ளை அவ்விடத்தில் குரல் தாழ்த்துமானால், பெற்றோர் அதனை அருகில் அழைத்து இவ்வேறுபாட்டை விளக்குவாராக.

'கங்காணி'யின் வரலாறும் இத்தகையதே. 'கண்காணி' என்பதன் திரிபாகிய அது, மேற்பார்ப்பவர் எனப் பொருள்படும். தமிழகத்துச் சிற்றூர்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவரும், தோட்டத்தில் வேலை வாங்கியவரும் அவரே. தொழிலாளரை உதவி அளித்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் தடைசெய்தபின் அவ்வாறு ஆள் திரட்டுவது நின்றது. கோயிலுக்கும் பள்ளிக்கும் முன்னின்று உழைத்த கங்காணிகளும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கடனும் கண்டிப்பும் தந்த கசப்பு பெயரிலேயே தங்கிவிட்டது. அதே வேரிலிருந்து பிறந்த 'கண்காணிப்பாளர்' தேர்வு மண்டபத்துள் நுழையும்போது மாணவர் எழுந்து வணக்கம் கூறுகின்றனர்.