இரண்டு இரவுக்குள்

கேள்வி: ஐவேளை தொழுகிறேன். மௌத்துக்குத் தயாராக இருப்பது தனியாக ஓர் இபாதத்தா?
— உப்பளத் தொழிலாளி, பாலாவி

பதில்: தொழுகைக்கே வுழூ முந்துகிறதே! வஸிய்யத் செய்ய ஏதும் உள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அதைக் கேட்ட இப்னு உமர் (ரலி) பிறகு ஓர் இரவுகூட எழுதாமல் உறங்கவில்லை. கீழ்ப்படிதல் என்றால் இதுதான்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டே மணி நேரம். புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுத அப்போது யாருக்கு நேரம்?

வாரிக் குவித்த உப்பை மழை விழுந்த பிறகா கிடுகு போட்டு மூடுகிறீர்கள்? கடைக் கொப்பியில் நிற்கும் பாக்கியை முதலில் வீட்டில் சொல்லிவையுங்கள்.