உழவு எஞ்சினும் ஸ்போர்ட்ஸ் காரும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் செல்வந்தர் வீட்டு வண்டி நம் நினைவுக்கு வரும். அதன் எஞ்சினுக்கும் நாஞ்சில் நாட்டு வயலுக்கும் என்ன உறவு? உறவு உண்டு என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கிற்று. வான்கார்டு காரிலும் ஃபெர்குசன் டிராக்டரிலும் அவ்வகை எஞ்சினே பொருத்தப்பட்டது. 1953இல் வெளிவந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுவே இதயம். ‘டிராக்டர் எஞ்சின்’ என்று அதைக் கேலி செய்வோர் உண்டு. உண்மையில் அவை உடன்பிறப்புகள்.

வான்கார்டில் சிலிண்டரின் உள்விட்டம் 85 மி.மீ.; பிஸ்டனின் ஓட்டம் 92 மி.மீ. உருளையின் கன அளவைக் கண்டு நான்கால் பெருக்கினால் 2088 க.செ.மீ. வரும். விட்டத்தை 83 மி.மீ. ஆக்கினால் 1991 க.செ.மீ.; இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்கிவிடும். இம்மாற்றம் எளிதானது எப்படி? சிலிண்டர் என்பது அங்கே தனியே கழற்றக்கூடிய குழாய். அதைச் சுற்றி நேரே தண்ணீர் ஓடும். இதுவே ‘வெட் லைனர்’.

இச்சொல்லை நான் முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று. டிராக்டர் மெக்கானிக்கான என் தந்தையிடம். ஒரு கும்பப்பூ நடவின்போது, தொளி அடித்த டிராக்டர் பாதி வயலில் நின்றது. எஞ்சின் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தது. “லைனர் அடியில் வாசர் போயிற்று, மக்கா. தண்ணி உள்ளே இறங்குது” என்றார். அது டீசல் எஞ்சின். ஆயினும் லைனர் அமைப்பு ஒன்றே. பிளாக்கை இறக்காமலே லைனரை உருவி, புது வாசர் இட்டு, அதன் விளிம்பு பிளாக்கைவிட மயிரளவு உயர்ந்து நிற்கிறதா என விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் உழவு நடந்தது. ஐந்தாம் வகுப்பே படித்த அவர் விரல் உணர்ந்ததை அளக்க எனக்கு மைக்ரோமீட்டர் வேண்டும்!

இதே 1991 க.செ.மீ. எஞ்சின் 1985இல் சென்னையில் தயாரான ‘ஸ்டாண்டர்டு 2000’ காரிலும் இடம்பெற்றது. கனத்த புது உடலுக்கு அப்பழைய எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. எஞ்சின் உறுதியானது, பொருத்திய இடம்தான் பிழை.

பழுதே வராத எஞ்சின் உலகில் இல்லை. பழுதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த எஞ்சினே நம்பகமானது. “பட்டறை என்னோடு போகட்டும், நீ படி” என்பார் தந்தை. படிக்கிறேன், பட்டறையையும் சேர்த்தே படிக்கிறேன்.