பவன் செராவத்தின் விலை

கேள்வி: புரோ கபடியில் வீரர்கள் கோடிக்கணக்கில் ஏலம் போகிறார்களே, விலை நியாயமா என்று எப்படிக் கணிப்பது?
— வாசகர், சிவகிரி

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். அணியின் மொத்தப் பணத்தில் அது எவ்வளவு பங்கு என்பதே முதல் அளவுகோல். 2022 ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடியது 4.4 கோடி ரூபாய். தமிழ் தலைவாஸ் அதில் 2.26 கோடியை, பாதிக்கும் மேல், பவன் செராவத் ஒருவருக்கே கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அதன் பிறகு சீசன் முழுக்க அவர் களமிறங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாமலே அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அதற்காக விலை தவறு என்றாகிவிடாது: அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்திலும் சம்பள உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்றே ஒப்பிடுகிறார்கள். அங்கே ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு நீள்வதால், வீரரின் வயதும் காய வரலாறும் கூடுதலாக எடை பெறுகின்றன.