காப்புநகல் எங்கே இருக்கிறது?

2024 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரின் 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களில் இருந்தவை அழிக்கப்பட்டன. மாணவர்கள் எந்தப் பொத்தானையும் தவறாக அழுத்தவில்லை. சாதனம் கீழே விழவுமில்லை, தொலையவுமில்லை. சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்பட்ட ஒரு செயலிக்குள் யாரோ ஊடுருவி, அங்கிருந்து அழிப்புக் கட்டளையைப் பிறப்பித்திருந்தார்கள். தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மேகச் சேமிப்பகத்தில் இன்னொரு படி இருந்த பாடக்குறிப்புகளை மீண்டும் இறக்கிக்கொள்ள வழி இருந்தது. சாதனத்தில் மட்டுமே இருந்த குறிப்புகளுக்கு அந்த வழி இல்லை.

ஒரு கோப்பு அழிந்தாலும் அதே கோப்பை வேறோர் இடத்திலிருந்து திரும்பப் பெறுவதற்காக முன்கூட்டியே எடுத்து வைக்கும் படிக்குக் காப்புநகல் என்று பெயர். இதில் புரியாதது எதுவும் இல்லை. “முக்கியமான கோப்புகளை விரலியில் போட்டு வை” என்று வீட்டில் பெரியவர்களே சொல்வதுண்டு. தனித்து இயங்கும் ஒரு கணினிக்கு அந்த அறிவுரை ஓரளவு போதும். ஆனால் இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் தனித்து இயங்குவதில்லை. வலையமைப்பால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. கோப்புகள் எந்தக் கம்பி வழியாகச் செல்கின்றனவோ அதே கம்பி வழியாக அழிவும் செல்லக்கூடும். ஆகவே, காப்புநகல் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அது எங்கே இருக்கிறது, அதை யாரால் அழிக்க முடியும் என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு மேர்ஸ்க் நிறுவனம் சந்தித்த பேரிடரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மேர்ஸ்க் ஒரு மாபெரும் கப்பல் நிறுவனம். ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திற்குச் சென்றவர்கள் அதன் கொள்கலன்களைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். 2017 ஜூன் 27ஆம் நாள் அந்நிறுவனத்தின் அலுவலகங்களில் கணினித் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நாட்பெட்யா என்னும் நச்சுநிரலே காரணம். உக்ரேனில் பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்புக்குள் ஒளிந்து வந்த அது, அந்நாட்டிலிருந்த அலுவலகக் கணினியிலிருந்து வலையமைப்பு முழுவதற்கும் பரவியது. திரையில் பணம் கேட்டு ஒரு செய்தி தோன்றியது. ஆனால் பணம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பி வரும் வகையில் அந்நிரல் எழுதப்படவில்லை. அழிப்பதே அதன் வேலை.

மேர்ஸ்க்கிடம் காப்புநகல்கள் இல்லாமல் இல்லை. பல சேவையகங்களுக்குச் சில நாள்களுக்கு முன் எடுத்த நகல்கள் பத்திரமாக இருந்தன. சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. எந்த ஊழியர் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதை முடிவு செய்யும் சேவையகங்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றவை அனைத்திலும் தானாகவே பதியுமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். நூற்றைம்பது படிகள் இருக்கும்போது தனியாக ஒரு காப்புநகல் எதற்கு என்று எண்ணுவது இயல்புதான். ஆனால், அனைத்தும் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவை அழிந்தபோது, மீதமிருந்த நகல்களைக்கூடப் பயன்படுத்த முடியாத நிலை ஏற்பட்டது. வீட்டிற்குள் பொருள்கள் பத்திரமாக இருந்தும் சாவிகள் எல்லாம் உருகிப்போன நிலை அது.

நீண்ட தேடலுக்குப் பிறகு ஒரே ஒரு சேவையகம் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த அது, நச்சுநிரல் பரவுவதற்குச் சற்று முன்னர் ஏற்பட்ட மின்தடையால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் தப்பியது. அதிலிருந்த தரவுகளை இணையம் வழியாக அனுப்புவதற்கு அங்கிருந்த இணைப்பின் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டனுக்குச் செல்வதற்கான விசாவும் இல்லை. எனவே, ஓர் ஊழியர் வன்தட்டை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்தில் இன்னோர் ஊழியரிடம் அதை ஒப்படைத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் 10 நாள்களில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்ததாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் தெரிவித்தார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் வரை என நிறுவனம் மதிப்பிட்டது.

கானாவின் மின்தடை தற்செயலானது. ஆனால் அது செய்த வேலையை ஒரு கணினி நிர்வாகி திட்டமிட்டே செய்யலாம். அதாவது, ஒரு படியையாவது வலையமைப்புக்கு வெளியே வைத்திருக்கலாம். அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய “3-2-1” விதி இதையே கூறுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள், அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். ஒரு நிழற்படக் கலைஞர் இதைச் சொன்னதில் வியப்பில்லை. ஒருமுறை எடுத்த திருமணப் படத்தை மறுமுறை எடுக்க முடியாதல்லவா?

இந்த விதியைக் கணினியில் எவ்வாறு அமைப்பது? முப்பது கணினிகள் கொண்ட ஒரு பள்ளிக் கணினிக்கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் மாணவர்களின் செய்முறைப் பணிகள் 10 ஜிகாபைட் அளவுக்கு உள்ளன. மொத்தம் 300 ஜிகாபைட். வலையமைப்பின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்றால், அது 12.5 மெகாபைட்டுக்குச் சமம். இந்த வேகத்தில் எல்லாவற்றையும் ஒரு சேவையகத்திற்கு நகலெடுக்கக் குறைந்தது 6 மணி 40 நிமிடம் ஆகும். வகுப்பு நடக்கும்போது இதைத் தொடங்கினால் அன்றைக்குப் பாடம் நடந்தாற்போலத்தான். ஆனால் ஒரு நாளில் உண்மையில் மாறுவது கணினிக்கு 200 மெகாபைட் மட்டுமே என்று வைத்துக்கொண்டால், முப்பது கணினிகளுக்கும் சேர்த்து 6 ஜிகாபைட்தான் வரும். அதற்கு எட்டு நிமிடம் போதும். இதனால்தான் வார இறுதியில் முழுக் காப்புநகலும், மற்ற நாள்களில் மாற்றங்களை மட்டும் சேர்க்கும் காப்புநகலும் எடுக்கும்படி மென்பொருளை அமைக்கிறார்கள். இதில் ஒரு குறையும் உண்டு. வியாழக்கிழமை நிலையை மீட்டெடுக்க வேண்டுமானால் முழு நகலோடு திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நான்கு நாள் நகல்களும் பழுதின்றி இருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிந்தையவை பயன்படாமல் போகலாம்.

நேரத்தைக் குறிப்பதிலும் கவனம் தேவை. நள்ளிரவு 2 மணிக்கு நகலெடுக்கும்படி அமைத்துவிட்டு, மாலையில் எல்லாக் கணினிகளையும் அணைத்துவிட்டுப் போனால் எந்த நகலும் உருவாகாது. மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல பழக்கமும் காப்புநகல் எடுக்கும் நல்ல பழக்கமும் இங்கே மோதிக்கொள்கின்றன. தவறவிட்ட பணியைக் கணினி இயங்கத் தொடங்கியதும் செய்யும்படி கட்டளையிடும் வசதி விண்டோஸில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அது பலரது கண்ணில் படுவதில்லை.

எந்தக் கோப்புறைகள் நகலெடுக்கப்படுகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் உள்ள கோப்பு வரலாறு என்னும் வசதி, ஆவணங்கள், படங்கள், முகப்புத்திரை முதலிய குறிப்பிட்ட சில இடங்களையே இயல்பாக நகலெடுக்கும். ஒரு மாணவர் தமது ஒப்படைப்பை வேறொரு கோப்புறையில் சேமித்திருந்தால், மணிக்கொரு முறை நகலெடுக்கப்பட்டாலும் அந்த ஒப்படைப்பு அதில் இருக்காது.

அடுத்தது உரிமை பற்றியது. பல இடங்களில் இது கோட்டை விடப்படுகிறது. மாணவர்கள் பயன்படுத்தும் கணக்கிலிருந்தே காப்புநகல் கோப்புறையையும் திறக்கவும் மாற்றவும் முடிந்தால், அந்தக் கணக்கில் நுழைந்த நச்சுநிரலாலும் அவ்வாறே செய்ய முடியும். பணம் பறிக்கும் நச்சுநிரல்கள் பொதுக் கோப்புறைகளையும் தேடிச் சென்று பூட்டுகின்றன. ஆகையால் காப்புநகலை எழுதுவதற்கென்றே தனிக் கணக்கு ஒன்று வேண்டும். அதன் கடவுச்சொல்லை வேறு எந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை இணைத்து நகலெடுத்தபின் கழற்றி அலமாரியில் பூட்டி வைக்கும் வெளி வன்தட்டு பழைய பாணியாகத் தோன்றலாம். ஆனால் கம்பியே இல்லாத இடத்திற்கு எந்த நிரலும் போக முடியாது.

மேகச் சேமிப்பகம் இருந்தால் இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மேகச் சேமிப்பகத்தின் அன்றாடப் பணி ஒத்திசைவு ஆகும். மடிக்கணினியில் திருத்தியது கைப்பேசியிலும் திருந்தும். மடிக்கணினியில் அழித்தது கைப்பேசியிலும் அழியும். மேர்ஸ்க்கின் 150 சேவையகங்கள் செய்ததும் இதைத்தான். கூகல் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு நிரந்தரமாக நீங்கிவிடும். மார்ச் மாதம் தவறுதலாக அழித்த கோப்பைத் தேர்வு சமயத்தில் தேடினால் கிடைக்காது. காப்புநகலோ பழைய பதிப்புகளையும் வைத்திருக்க வேண்டும். ஆப்பிள் கணினிகளில் உள்ள டைம் மெஷின், கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்திற்கு வாரத்திற்கு ஒன்று எனப் பதிப்புகளை வைத்திருக்கும். வட்டு நிரம்பினால் மிகப் பழையது முதலில் நீக்கப்படும்.

இவை அனைத்தையும் முறையாக அமைத்த பிறகும் ஒன்று மீதமிருக்கிறது. கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை. 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு, அதன் பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகத்தில் அழிக்க வேண்டிய தரவை முதன்மைச் சேவையகத்தில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. அந்நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட காப்பு முறைகளை வைத்திருந்தது. திறந்து பார்த்தபோது, நாள்தோறும் உருவாகியிருக்க வேண்டிய நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளத்தின் பதிப்புக்கும் நகலெடுக்கும் கருவியின் பதிப்புக்கும் பொருத்தம் இல்லாததால் நகலெடுப்பு தோல்வி அடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. ஆனால் அவற்றைப் பெற வேண்டிய மின்னஞ்சல் சேவையகம் ஏற்காமல் நிராகரித்ததால் அவை யாரையும் எட்டவில்லை. அன்று ஆறு மணி நேரத்திற்கு முன்பு வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவுகள் போய்விட்டன. நடந்ததை ஒளிக்காமல் நிறுவனமே விரிவாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. அதனால்தான் மற்றவர்களும் இதைப் பற்றிப் படிக்க முடிகிறது.

“நகலெடுப்பு தோல்வி” என்று அறிவிக்குமாறு மட்டும் மென்பொருளை அமைத்தால், அறிவிப்பு வராத நாளெல்லாம் வெற்றி நாள் என்ற எண்ணம் உண்டாகும். வெற்றியையும் அறிவிக்கும்படி அமைத்தால், ஒரு நாள் செய்தி வராதபோதே சந்தேகம் எழும். ஆனால் அறிவிப்பையும் முழுதாக நம்பிவிட முடியாது. மாதத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைக் காப்புநகலிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டெடுத்து, திறந்து பார்ப்பதே உறுதியான சோதனை. கணினிக்கூடத்திலும் இதைச் செய்யலாம். ஒரு மாணவரின் சென்ற வாரப் பணியைத் தேர்ந்தெடுத்து, அது திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் ஆனால், முப்பது கணினிகளையும் மீட்க ஒரு நாள் தேவைப்படுமா, மூன்று நாள் தேவைப்படுமா என்பது அப்போதுதான் தெரியவரும்.

அந்தச் சோதனையின்போது பெரும்பாலும் இன்னொன்றும் வெளிப்படும். திருடர் கையில் சிக்கினாலும் படிக்க முடியாதபடி காப்புநகல்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று தேடினால், காப்புநகல் எடுக்கப்பட்ட அதே கணினியில் ஒரு கோப்பில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பள்ளி அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு, அது அங்கே இருப்பதைக் குறைந்தது இரண்டு பேரிடம் சொல்லி வைக்க வேண்டும்.