பம்பு செட்டின் எர்த் குழியும் மின்தடைக் கணக்கும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப்பாய்ச்சல் நின்ற பின்னர்க் கோடைப்பயிர் கிணற்றுப் பம்பு செட்டையே நம்பி நிற்கின்றது. எர்த் குழி வறண்டுபோவதும் அக்காலத்திலேயே. மோட்டாரின் உட்கம்பிகள் பழுதுற்று இரும்புக் கூட்டில் மின்சாரம் ஏறுமாயின், அதனைத் தொட்டவர் பிழைப்பது பெரும்பாலும் அக்குழியின் தடையைப் பொறுத்ததாகும். ஆகையால் அத்தடையைக் கணக்கிடும் முறையைக் குடியானவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

மின்தடையை ஓம் என்னும் அளவினால் குறிப்பர். 1827-ஆம் ஆண்டில் இவ்விதியை வெளியிட்ட ஜெர்மானியரின் பெயர் அது. வோல்ட்டை ஓமினால் வகுத்தால் ஓடும் ஆம்பியர் கிடைக்கும். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கம் பக்கமாக அமைந்தாலோ, இரண்டையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சிலர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவர், அது பிழை. ஏரிக்கு இரண்டாவது மதகு திறந்தால், அது எத்துணைச் சிறிதாயினும், வெளியேறும் நீர் கூடுமேயன்றிக் குறையாது. அதுபோல ஈடான தடை இரண்டில் சிறியதைவிடவும் குறைவாகவே இருக்கும். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தைக் கண்ட ஊராருக்கு மதகின் கணக்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி ஓர் உதாரணம். வறண்ட எர்த் குழியின் தடை 20 ஓம். டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 3 ஓம் எனக் கொள்வோம். கசிந்த மின்சாரம் இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பதால் மொத்தம் 23 ஓம். 230 வோல்ட்டில் ஓடுவது 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் உருகாது. மோட்டார்க் கூடு 200 வோல்ட்டில் நிற்கும். ஈரக்காலுடன் ஒருவர் அதனைத் தொடுகிறார். அவர் உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் எனின், 20 ஓமுக்குப் பக்கத்தில் அது சேர, ஈடான தடை 19.6 ஓம். ப்யூஸ் அவரை உணரவேயில்லை. அவர் உடலிலோ 0.2 ஆம்பியர் பாய்கின்றது. இதயத்தை நிறுத்த அது போதும்.

5 ஓம் தடையுள்ள மற்றொரு குழியை அதனோடு இணைத்தால், 100-ஐ 25-ஆல் வகுக்க 4 ஓம். டிரான்ஸ்பார்மரின் 3 சேர்ந்து 7. இப்போது ஓடுவது ஏறக்குறைய 33 ஆம்பியர், ப்யூஸ் உருகிவிடும். ஒரே குழியில் 5 ஓம் கிடைக்காத நிலத்தில் 15 ஓம் குழிகள் மூன்றைச் சேர்த்தாலும் அதே பலன் உண்டு. ஆயினும் குழிகளைக் கிட்டக்கிட்ட வெட்டினால் இக்கணக்கு பலிக்காது. குழாயின் நீளத்திற்குக் குறையாத இடைவெளி வேண்டும். இருமடங்கு விடுவது உத்தமம். கரியும் உப்பும் இட்டுக் கோடையில் நீர் ஊற்றிவர வேண்டும். ப்யூஸுக்குப் பதில் தடித்த செம்புக்கம்பி சுற்றியிருப்பின் இவ்வளவும் வீணே.

ப்யூஸ் உருகும் வரையில் கூட்டில் 131 வோல்ட் இருக்குமாதலால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் இ.எல்.சி.பி. கருவியையும் பொருத்துதல் நலம். குழியின் தடையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சித்திரை, வைகாசியில் அளப்பிக்க வேண்டும்; மழைக்காலத்தில் அளந்த எண் கோடைக்கு உதவாது.