கடிதத்தின் அடியில் நம் பெயர்
(கணினிக் கல்வி: மின்னஞ்சல் மாதிரிக் கடிதமும் தானாக வரும் கையொப்பமும்)

 

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என்று நம் பகுதியில் இன்று பல குடும்பங்களின் காரியங்கள் மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. வளைகுடா வேலைக்கு விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, ஏலக்காய் வியாபாரத்தின் விலை விசாரணை என எல்லாமே கடிதமாகப் போய் கடிதமாகத் திரும்பி வருகின்றன. நம்மை நேரில் பார்க்காதவர் அந்த ஒரு கடிதத்தை வைத்துத்தான் நம்மை எடை போடுகிறார். அதில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலோ, அடியில் நம் பெயர் இரண்டு முறை வந்தாலோ, பழைய செல் நம்பர் இருந்தாலோ, தகுதி இருந்தும் வாய்ப்பு கைநழுவிப் போகலாம். இந்தக் கோளாறுகள் ஏன் வருகின்றன, எப்படிச் சரி செய்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முத்திரையின் பாடம்

கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொல்வது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஸபா நாட்டு அரசிக்கு ஸுலைமான் (அலை) அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றி அந்நம்ல் அத்தியாயத்தில் படிக்கிறோம். அரசி தன் சபையில் அதைப் பற்றிப் பேசும்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்று பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் நபியவர்கள் தடுத்தார்கள். அந்த மோதிரம் பின்னர் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமல் போனது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பெறுபவர் எதை எதிர்பார்க்கிறாரோ அந்த முறையில் கடிதம் அமைய வேண்டும். நம் அடையாளம் பிறர் கைக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும்.

இரண்டும் எவை?

ஒரே மாதிரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யாமல், ஒருமுறை எழுதிச் சேமித்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது டெம்ப்ளேட், அதாவது மாதிரிக் கடிதம். கடிதத்தின் அடியில் பெயரும் தொடர்பு விவரமும் தானாக வந்து நிற்பது சிக்னேச்சர், அதாவது கையொப்பம்.

இந்தக் கையொப்பம் வெறும் எழுத்துதான். யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் அங்கே எழுதலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கும் டிஜிட்டல் கையொப்பம் வேறு. அது உரிமம் பெற்ற நிறுவனம் தரும் சான்றிதழைக் கொண்டு போடப்படுவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறக் கூடாது.

கையொப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

நான்கு வரி போதும். முதல் வரியில் முழுப் பெயர், இரண்டாவதில் படிப்பு அல்லது தொழில், மூன்றாவதில் நாட்டுக் குறியீட்டுடன் (+91) செல் நம்பர், நான்காவதில் ஊரும் மாவட்டமும்.

பெயரில் நம் மக்கள் தனிக்கவனம் எடுக்க வேண்டும். ‘முஹம்மது’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறோம். மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் வேறொன்று, மின்னஞ்சலில் மூன்றாவது என்றால் அங்கே இருப்பவர் குழம்புவார். வெளிநாட்டு வேலைக்கு எழுதும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் எழுதும்போது சான்றிதழில் உள்ளபடியும் எழுதுங்கள். ஜிமெயிலில் ஒன்றுக்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சேமிக்கலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஆதார் எண், பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எண், பிறந்த தேதி ஆகியவற்றைக் கையொப்பத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒவ்வொரு கடிதத்தோடும் அவை ஊர் சுற்றும். பெண்பிள்ளைகள் வீட்டு முகவரியையும் தவிர்ப்பது நல்லது.

கோளாறும் தீர்வும்

கையொப்பத்தை அமைக்கும் இடம்: கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, ‘ஸீ ஆல் செட்டிங்ஸ்’ போக வேண்டும். அங்கே ‘ஜெனரல்’ பகுதியில் கீழே இறங்கினால் ‘சிக்னேச்சர்’ இருக்கும்.

1. கையொப்பம் வரவே இல்லை. பெரும்பாலும் காரணம், பக்கத்தின் அடியில் உள்ள ‘சேவ் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்ததுதான். அடுத்த காரணம், கையொப்பத்தை எழுதிவிட்டு, அதைப் புதுக் கடிதத்துக்கும் பதில் கடிதத்துக்கும் தேர்வு செய்யாமல் விட்டது. கையொப்பப் பெட்டிக்குக் கீழே இதற்கென இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டிலும் ‘நோ சிக்னேச்சர்’ என்று இருந்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு பழைய வரைவைத் திறந்து பார்க்காமல், புதிதாக ஒரு கடிதம் தொடங்கிப் பாருங்கள்.

2. கணினியில் வருகிறது, செல்போனில் வேறு விதமாக வருகிறது. ஜிமெயில் ஆப்பில் ‘மொபைல் சிக்னேச்சர்’ என்று தனியாக ஒன்று உண்டு. அதில் பழைய நம்பர் இருந்தால், கணினியில் எத்தனை முறை திருத்தினாலும் போனிலிருந்து பழையதே போகும். ஐபோனின் மெயில் ஆப்பில், ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது என்ற ஆங்கில வரி தானாகவே வரும். வேலை விண்ணப்பத்தின் அடியில் அது வேண்டாம். மெயில் ஆப்பின் செட்டிங்ஸில் ‘சிக்னேச்சர்’ பகுதிக்குப் போய் அதை அழித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள்.

3. பதில் கடிதத்தில் கையொப்பம் ஒளிந்துகொள்கிறது. பழைய கடிதங்கள் அடுக்கடுக்காக இருக்கும்போது கையொப்பம் அவற்றுக்கும் கீழே போய், மூன்று புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். சிக்னேச்சர் பகுதியின் அடியில், மேற்கோள் எழுத்துக்கு முன்னால் கையொப்பத்தை வைக்கும்படி ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்துவிட்டால் பதிலுக்கு நேர் கீழேயே பெயர் நிற்கும்.

4. கையொப்பம் இரண்டு முறை வருகிறது. மாதிரிக் கடிதத்தைச் சேமித்தபோது, தானாக வந்த கையொப்பத்தையும் சேர்த்துச் சேமித்துவிட்டோம். அதை எடுக்கும்போது ஏற்கெனவே அங்கிருக்கும் கையொப்பத்தோடு இதுவும் வந்து சேர்கிறது. தீர்வு எளிது. மாதிரியை எடுத்து, அடியில் உள்ள பெயர், நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே பெயரில் மீண்டும் சேமியுங்கள். மாதிரியில் உடல் மட்டும் இருக்கட்டும். பெயரைக் கையொப்பம் பார்த்துக்கொள்ளும்.

5. படம் தெரிவதில்லை. கடையின் லோகோவையும் நம்பரையும் ஒரே படமாகப் போடுகிறோம். பெறுபவரின் மின்னஞ்சல் படத்தைத் தடுத்தால் கையொப்பம் முழுவதுமே காணாமல் போகும். கூகுள் டிரைவில் பிறர் பார்க்க அனுமதி தராத படத்தை இணைத்தாலும் இதே கதிதான். லோகோ சிறிதாக இருக்கட்டும். பெயரும் நம்பரும் எழுத்தாகவே இருக்கட்டும்.

6. தமிழ் எழுத்து சிதைகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வெட்டி ஒட்டினால், அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. செல்போன் விசைப்பலகையில் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான்.

மாதிரிக் கடிதத்தில் கவனம்

செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய் ‘டெம்ப்ளேட்ஸ்’ வசதியை ‘எனேபிள்’ செய்து சேமியுங்கள். பிறகு புதுக் கடிதம் எழுதும் பெட்டியின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ‘டெம்ப்ளேட்ஸ்’ தெரியும். இதைக் கணினியின் பிரவுசரில் செய்ய வேண்டும். ஜிமெயில் செல்போன் ஆப்பில் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

மாதிரிக் கடிதத்தின் பெரிய ஆபத்து, முன்பு எழுதியவரின் பெயர் அப்படியே போய்விடுவது. ரியாத்தில் உள்ள நிறுவனத்துக்குப் போகும் கடிதத்தில் துபாய் நிறுவனத்தின் பெயர் இருந்தால், படிப்பவர் அந்த வரியைத் தாண்டமாட்டார். மாற்ற வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மாதிரியிலேயே ### என்று மூன்று குறிகளைப் போட்டு வையுங்கள். நிறுவனத்தின் பெயர் ###, பதவி ###, தேதி ###. அனுப்பும் முன் கடிதத்தில் ### எங்கும் மிச்சமில்லை என்று பாருங்கள். பெயர் நிரப்பிய கடிதத்தை மறந்தும் மாதிரியின் மேல் சேமித்துவிடாதீர்கள்.

பெறுநர் முகவரியைக் கடைசியாக எழுதுங்கள். முகவரி இல்லாத கடிதம் கை தவறினாலும் போகாது. ‘அன்டூ சென்ட்’ என்ற வசதியை 30 விநாடிக்கு மாற்றி வைத்தால், அனுப்பிய பின்னும் அரை நிமிடம் திரும்பப் பெற வழி இருக்கும். கடிதத்தில் ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதியிருந்தால், பயோடேட்டா உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சேர்க்கை கிடைத்தவர்களுக்கு எழுதிய வரவேற்புக் கடிதத்தை, இடம் கிடைக்காத சுமார் 28,000 மாணவர்களுக்கும் அனுப்பிவிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்டது. கடிதத்தில் பிழை இல்லை. அனுப்பிய பட்டியல்தான் தவறு. எத்தனை பிள்ளைகள் சில மணி நேரம் மகிழ்ந்து பிறகு அழுதிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜமாஅத், பைத்துல்மால், அறக்கட்டளைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. உதவி பெறுவோர் பலருக்கு ஒரே கடிதம் அனுப்பும்போது முகவரிகளை ‘டு’, ‘சிசி’ கட்டங்களில் போட்டால், யார் யார் உதவி பெறுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ‘பிசிசி’ கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஏழையின் மானம் ஒரு கட்டத்தைத் தவறாகத் தொட்டதால் போகக் கூடாது.

யாருடைய கணக்கிலிருந்து போகிறது?

பல வீடுகளில் வாப்பாவின் ஜிமெயில் கணக்கே எல்லாருக்கும் பொது. மகள் உதவித்தொகைக்கு எழுதினால் அனுப்புநர் இடத்தில் வாப்பாவின் பெயரும், அடியில் அவர் கடையின் கையொப்பமும் போகும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள்.

ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ கடைக்காரரின் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லாதீர்கள். பதிலும் அவருக்கே வரும். நேர்காணல் தேதி முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். நம் கணக்கில் நுழைந்து அனுப்பிவிட்டு, எழுந்து வரும்போது மறக்காமல் ‘சைன் அவுட்’ செய்யுங்கள்.

தானாகப் போகும் பதில்

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் ‘வெகேஷன் ரெஸ்பாண்டர்’ வசதியைப் போட்டு வைக்கலாம். முதல் நாளோடு கடைசி நாளையும் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஊர் திரும்பிய பிறகும் நீங்கள் பயணத்தில் இருப்பதாகவே வியாபாரிகளுக்குப் பதில் போய்க்கொண்டிருக்கும். குடும்பத்தோடு போகிறோம், வீடு பூட்டியிருக்கிறது என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அழகான கையொப்பத்தை நம்பாதீர்கள்

நமக்கு வரும் கடிதங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். அரசுச் சின்னம், மேலாளர் பெயர், பதவி, வெளிநாட்டு முகவரி எல்லாம் அடியில் இருக்கலாம். வேலை உறுதி, விசாவுக்கு முன்பணம் கட்டுங்கள் என்று மேலே இருக்கலாம். கையொப்பத்தை விட்டுவிட்டு அனுப்புநரின் முகவரியைப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளப் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அது பொருந்தினாலும் பணம் கட்டும் முன் விசாரியுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

வீட்டுப் பயிற்சி

1. உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். கணினியிலிருந்து ஒன்று, செல்போனிலிருந்து ஒன்று. இரண்டின் அடியிலும் என்ன வருகிறது என்று பாருங்கள்.
2. கையொப்பத்தில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டோடும் சான்றிதழோடும் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.
3. வேலை விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து, மாற்ற வேண்டிய இடங்களில் ### போடுங்கள். வீட்டில் வேறொருவரை அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.
4. ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 30 விநாடியாக மாற்றுங்கள்.

கணினி தெரிந்த பிள்ளைகள், தெரியாத பெரியவர்களுக்கு உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள். அரை மணி நேர வேலைதான். ஒரு குடும்பத்தின் ரிஸ்க் தேடும் முயற்சிக்கு அது துணையாக அமையலாம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருமானத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.