கூடைப்பந்து ஷூவை அன்றாடம் போட வாங்கும்போது

கான்வர்ஸின் கேன்வாஸ் ‘ஆல் ஸ்டார்’ 1917இல் வந்தது. முன்புறம் சிப்பி ஓடு போன்ற ரப்பர் மூடி கொண்ட அடிடாஸ் ‘சூப்பர்ஸ்டார்’ 1970ஐ ஒட்டியும், நைக்கியின் ‘ஏர் ஃபோர்ஸ் 1’ 1982இலும் வந்தன. மூன்றும் கூடைப்பந்தாட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. இன்று அழகாகத் தெரிகிற பலவும் அந்த ஆட்டத்தின் தேவையில் பிறந்தவைதான். சூப்பர்ஸ்டாரின் ரப்பர் மூடி விரல்களைக் காக்க வந்தது. ஏர் ஃபோர்ஸின் சோலைத் திருப்பிப் பார்த்தால் முன்பாதத்தின் அடியில் வட்ட வட்டமாக வரிகள் தெரியும். ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவதற்கான வரிகள் அவை. வெறும் அலங்காரம் குறைவு என்பதால்தான் ஜீன்ஸ், பருத்திச் சட்டை, குர்தா எதனோடும் இவை பொருந்திப்போகின்றன.

சுகம் என்று வரும்போதுதான் கவனம் தேவை. ஆல் ஸ்டாரின் கேன்வாஸில் காற்று புகும்; ஆனால் சோல் தட்டையானது, பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை. சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்பவருக்குக் கால் கடுக்கும். அதன் ‘சக் 70’ வகையில் இன்சோல் இன்னும் தடிமன். ஏர் ஃபோர்ஸில் குதிகாலுக்குக் கீழே காற்றுப்பை இருக்கிறது. ஊன்றி நிற்க உறுதியான ஷூ, ஆனால் கனமானது. புதிதில் விறைப்பாகவும் இருக்கும். சென்னை வெயிலில் அதன் தோலுக்குள் காலுறை நனைந்துவிடும். அகலப் பாதக்காரர்கள் சூப்பர்ஸ்டாரைப் போட்டு நடந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. தோல் நாளடைவில் இளகிக் கொடுக்கும், ரப்பர் மூடி கொடுக்காது. விரல் மடங்கும் இடத்தில் கடித்துக்கொண்டே இருக்கும்.

ஆல் ஸ்டார் பொதுவாக அரை அளவாவது பெரிதாக வரும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்ப்பதே சரி.

கொடுத்த காசுக்கு உழைக்குமா என்பதைச் சோலின் ஓரம் சொல்லும். ஏர் ஃபோர்ஸிலும் சூப்பர்ஸ்டாரிலும் சோலைச் சுற்றித் தையல் ஓடுகிறது. அது விட்டுப்போனால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரே திரும்பத் தைத்துவிடுவார். ஆல் ஸ்டாரில் ரப்பர் பட்டை ஒட்டப்பட்டது. கால் மடங்கும் இடத்தில்தான் முதலில் பிளக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது மேல்பகுதி. நல்ல தோலில் விழுவது வெறும் சுருக்கம். ரெக்சினில் அதே சுருக்கம் வெடிப்பாகி உரிந்துவிடும். பெட்டியில் ‘தோல்’ என்று எழுதியிருந்தாலும் பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருந்தால் அதுவும் உரியும். நைக்கியின் விலை குறைந்த ‘கோர்ட் விஷன்’ பார்வைக்கு ஏர் ஃபோர்ஸ் போலவே இருக்கும், ஆனால் காற்றுப்பை கிடையாது. எப்போதாவது போடுபவருக்கு அதுவே போதும்.

தள்ளுபடியில் கிடைக்கிறதென்று இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே வைத்திருப்பது வீண். பாலியூரிதேன் நுரை வைத்த சோல் காற்றின் ஈரத்தாலேயே சில ஆண்டுகளில் பொடிந்துபோகும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரமாக. இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். நனைந்ததை வெயிலில் வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தினால் பசையும் தோலும் கெடாது.